ம்

இது நாலாம் மாடி இல்லை.
இரண்டாம் மாடிதான், ஏசி வேலை செய்கிறது,
ஜன்னலால் பேர வாவி தெரிகிறது
என்று முதல் நாள் வீட்டில் சொன்னேன்.
அவர் சோறு பிசைவதை நிறுத்தி
மாடிகளை எண்ணுவதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
தமிழிலிருந்து சிங்களத்துக்கு.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

கொட்டாஞ்சேனை பெனடிக்ட் அந்தோனிமுத்து
அமைச்சரின் இணைப்புச் செயலாளராய் இருந்த ஒன்பது வருடமும்
வந்த அழைப்பு அத்தனையையும் பதிந்து வைத்திருந்தான்.
ஒருவரிடமும் கேட்கவில்லை.
போன ஆட்சியில் அந்தப் பெட்டி குற்றம்.
இந்த ஆட்சியில் அதே பெட்டி, அதே சிவப்பு அரக்கு,
சான்று.

காதுக்குள் சிமெந்து விலை பேசுகிறார்கள்.
நடுவில் குக்கர் விசில்.
இரண்டாவது விசிலோடு யாரோ ஒரு பெண்
செருப்பை இழுத்துப் போய் அடுப்பைக் குறைக்கிறாள்.
பின்னணி ஒலி, என்று அவளை எழுதுகிறேன்.
ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்கிறது,
ஏழெட்டு ஐம்பத்து நாலு.
திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.

முந்நூற்றுப் பதினோராவது ஒலிப்பதிவு.
பெனடிக்ட் கேட்கிறான்:
“அப்ப அந்த டெண்டரை அவைக்கே குடுப்பம், என்ன சேர்?”
மறுமுனையில் பணிப்பாளர் குலவீரசிங்கம்:
“ம்.”

அவ்வளவுதான். பிறகு ஒரு காகம்.
பிறகு வேறு கதை, மகளின் விசா.

திருப்பித் திருப்பிக் கேட்டேன்.
கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு என்கிற ம்மா,
வாயில் மாத்திரை இருக்கிற ம்மா,
பக்கத்தில் ஆள் நிற்கிறது, போனை வை என்கிற ம்மா?
பெண் பார்க்க வந்த அன்று
குசினிக்குள் சித்தி கேட்க, வடைத்தட்டைப் பிடித்துக்கொண்டு
நானும் ஒரு ம் சொன்னேன்.
அதைச் சம்மதம் என்று
அன்று பின்னேரமே எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஹேவகே நல்ல மனிதர்.
இஞ்சித் தேத்தண்ணி தானே கொண்டுவந்து வைப்பார்.
“‘ஒவ்’ என்று போடுங்கோ மிஸ், சின்னச் சொல்தானே.”
“உங்கட பாசையிலும் ம் இருக்கே, சேர்.”
சிரித்தார்.
“இருக்கு. வழக்கேட்டில இல்லை.”

புதுக்கடையில் அன்று வாதம்.
பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்றார்
கறுப்புக் கோட்டு ஒன்று.
இரண்டு முனையும் சம்மதிக்காத குரல்
திருட்டுக் குரல் என்றது மற்றது.
சம்மதம், சம்மதம் என்று
ஒரு மணித்தியாலத்தில் நாற்பது தடவையாவது வந்திருக்கும்.
நீதவான் குனிந்து எழுதிக்கொண்டே
இரண்டு பேருக்கும்
“ம், ம்” என்றார்.

வாசலில் குலவீரசிங்கத்தைக் கண்டேன்.
படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம்.
என்னை அவருக்குத் தெரியாது.
அவர் மூச்சு எந்த இடத்தில் இடறும் என்று
எனக்குத் தெரியும்.
வழிவிட்டேன். நன்றி என்றார், முழுச் சொல்லாக.

பக்கத்தை அடித்து முடித்தேன்.
உருண்டு உருண்டு ஓடும் சிங்கள வரிகளுக்கு நடுவே
அந்த ஒரு எழுத்தை மட்டும்
தமிழிலேயே, தலையில் புள்ளியோடு நிற்க விட்டேன்.
தூரத்தில் பார்த்தால் அச்சுப் பிழை.

ஹேவகே அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
கதிரையை இழுத்துப் போட்டு
தன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.
“கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.
நாளைக்குத் திருத்திப் போடுவீங்கதானே, மிஸ்?”

தொண்டை வரைக்கும் வந்தது.
தேத்தண்ணியோடு விழுங்கினேன்.
ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வர லைட் இல்லை,
ஒழுங்கை முழுக்க இருட்டு.
உள்ளேயிருந்து அவர் கேட்டார்:
“வந்திட்டியா?”
தலையாட்டினேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
“ஏதும் சொன்னனீயே?”